கேபர்னே - ஷிராஸ்: கலவையா, கலப்படமா?

டிஸ்கி: குடி குடியைக் கெடுக்கும். இது குடிக்கச் சொல்ற பதிவு இல்லை, ஒரு கலவையோட பூர்வீகத்தைத் தேடிப் போன பதிவு. எங்க வீட்ல யாராவது படிச்சா இந்த வரியோட நிறுத்திக்கவும் :-)

போன மாசம் வேலை விஷயமா பெங்களூர் ஆபீசுக்குப் போயிருந்தேன். ராத்திரி டீம் டின்னர். டேபிளுக்கு ஒரு பாட்டில் ரெட் ஒயின் வந்தது. குரோவர் கம்பெனியோட 'லா ரிசர்வ்'. நந்தி மலை அடிவாரத்துல விளைஞ்ச திராட்சை. கேபர்னே சாவிஞோன், ஷிராஸ் ரெண்டும் கலந்தது. பக்கத்துல இருந்த நண்பர் ரெண்டு வருஷம் பாரீஸ்ல ஆன்சைட் இருந்துட்டு வந்தவர். ஒயின் விஷயத்துல அவர் சொன்னா அப்பீல் கிடையாது. பாட்டிலைத் திருப்பிப் பார்த்துட்டு, "கேபர்னே போர்தோ சரக்கு, சிரா ரோன் நதிக்கரை சரக்கு. எந்த பிரெஞ்சுக்காரனும் ரெண்டையும் ஒண்ணா ஊத்த மாட்டான். இது ஆஸ்திரேலியாக்காரன் ஆரம்பிச்சு வச்ச கலப்படம்"ன்னு தீர்ப்பு சொல்லிட்டார்.

'கலவை'ன்னு சொல்லியிருந்தா சும்மா விட்டிருப்பேன். கலப்படம்ங்கிற வார்த்தைதான் உறுத்திச்சு. ஊருக்குத் திரும்பினதும் தேட ஆரம்பிச்சேன். தேடிக் கண்டுபிடிச்சதை அவருக்கு மட்டும் மெயில் அனுப்பினா போதாதுன்னு தோணிச்சு. அதான் இந்தப் பதிவு.

முதல்ல, எதுக்கு ரெண்டு திராட்சையைக் கலக்கணும்? நம்ம ஊர்ல காப்பித்தூள் கடைக்குப் போய் நிக்கறவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பீபெரி இவ்வளவு, பிளான்டேஷன் ஏ இவ்வளவு, சிக்கரி இவ்வளவுன்னு சொல்லி அரைச்சு வாங்குறோம். வாசனைக்கு ஒண்ணு, திடத்துக்கு ஒண்ணு, கலருக்கு ஒண்ணு. போர்தோக்காரன் பண்றதும் அதேதான். ஆனா அவனுக்கு ருசியைத் தாண்டி இன்னொரு காரணமும் இருந்தது. அது மழை.

போர்தோ அட்லாண்டிக் கடலுக்குப் பக்கம். வசந்த காலத்துல பனி கொட்டும், அறுவடை நேரத்துல மழை வந்து கெடுக்கும். மெர்லோ திராட்சை சீக்கிரம் பூத்து சீக்கிரம் பழுக்கும். அதனால பனிக்கு மாட்டிக்கும், கடைசி மழைக்குத் தப்பிச்சிடும். கேபர்னே சாவிஞோன் லேட்டாத்தான் துளிர்க்கும், லேட்டாத்தான் பழுக்கும். அதனால பனிக்குத் தப்பிச்சு மழையில மாட்டும். ரெண்டையும் நட்டு வச்சா ஏதாவது ஒண்ணு கைகொடுக்கும். நம்ம பாஷையில சொன்னா பேக்கப் சர்வர். கூட கொஞ்சம் கேபர்னே ஃபிராங்க், பெத்தி வெர்தோ, மல்பெக்.

குணத்தைச் சொன்னா, கேபர்னே தோல் தடிச்ச சின்னப் பழம், கொட்டையும் பெருசு. அதனால துவர்ப்பு ஜாஸ்தி. நாவப்பழம் தின்னா நாக்கு இழுத்துப் பிடிக்குமே, அந்த ஜாதி. இளசா குடிச்சா நுனி நாக்குல ஆரம்பிக்கும், தொண்டைப் பக்கம் போய் முடியும், நடுவுல ஒண்ணுமே இல்லாத மாதிரி ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தை சதைப்பற்றான மெர்லோ நிரப்பும். சரளைக்கல் நிலமான மெதோக் பக்கம் கேபர்னேவுக்குக் கை ஓங்கும், களிமண் இருக்கிற எதிர்க்கரையில மெர்லோவுக்கு. இந்தக் கேபர்னே சாவிஞோனே தானா விழுந்த ஒட்டுதான். கேபர்னே ஃபிராங்குக்கும் சாவிஞோன் பிளாங்குங்கிற வெள்ளைத் திராட்சைக்கும் பொறந்த பிள்ளைன்னு 1997ல கலிபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழகத்துக்காரங்க டிஎன்ஏ பார்த்துச் சொன்னாங்க. சுத்த ரத்தம்னு பேசறவங்க கவனிக்க :-)

சரி, இந்தக் கலவை எங்க பொறந்தது? தோட்டத்துலன்னுதான் நானும் நினைச்சிருந்தேன். பாதி உண்மைதான். மீதி பாதி பொறந்தது துறைமுகத்துல.

இங்க எங்க ஊரைக் கொஞ்சம் இழுக்கறேன், பொறுத்துக்கங்க. நான் அத்திப்பட்டு. கும்மிடிப்பூண்டி லைன்ல அத்திப்பட்டு புதுநகர்ல இறங்கினா வடசென்னை அனல்மின் நிலையத்தோட புகைபோக்கிதான் முதல்ல கண்ல படும். அதுக்கு நிலக்கரி இறக்கத்தான் 2001ல எண்ணூர் துறைமுகமே வந்தது (இப்ப காமராஜர் துறைமுகம்). ஒடிசா தால்சேர் நிலக்கரி பாரதீப்ல ஏறி இங்க வந்து இறங்கும். நம்ம நாட்டு நிலக்கரியில சாம்பல் ஜாஸ்திங்கிறதால, வெளிநாட்டு நிலக்கரியைக் கொஞ்சம் சேர்த்து எரிக்கிறதும் உண்டு. அதை யாரும் கலப்படம்னு சொல்றதில்லை. விஷயம் அது இல்லை. 'இத்தனை ஆயிரம் டன் கரி இறங்குச்சு'ன்னு சொல்றோமே, அந்த 'டன்' ஒயின்லேர்ந்து வந்த வார்த்தை. அந்தக் காலத்துல ஒரு கப்பல்ல எத்தனை பெரிய ஒயின் பீப்பாய் ஏத்தலாம்ங்கிறதை வச்சுத்தான் கப்பலோட அளவைச் சொன்னாங்க. அந்தப் பீப்பாய்க்குப் பேர் 'டன்' (போர்தோவில 'தொன்னோ', கிட்டத்தட்ட 900 லிட்டர்). பீப்பாய்ங்கிறதும் நம்ம வார்த்தை இல்லை, போர்த்துகீசியரோட 'பிப்பா'. தார் டின்னுக்கும் தண்ணி டிரம்முக்கும் நாம சொல்ற அந்தப் பேர், முதல்ல ஒயின் ஊத்தி வைக்கிற மரப்பீப்பாயோட பேர்.

1152ல அக்கிதேன் சீமாட்டி எலினோர், ஹென்றியைக் கல்யாணம் கட்டினா. ரெண்டு வருஷத்துல அவன் இங்கிலாந்து ராஜா ஆயிட்டான். போர்தோவும் சீர்வரிசை மாதிரி கூடவே போயிடுச்சு. 1453 வரைக்கும், கிட்டத்தட்ட 300 வருஷம், இங்கிலாந்துக்காரன் கையில இருந்தது. 1300களோட ஆரம்பத்துல சில வருஷங்கள்ல லட்சம் டன்னை ஒட்டி ஒயின் ஏற்றுமதி ஆயிருக்கு. அது முழுக்க போர்தோவிலயே விளைஞ்சதுன்னு நினைச்சா தப்பு. உள்நாட்டுல காவோர், கய்யாக், பெர்ஷராக்னு ஊர்கள் உண்டு. அங்க விளைஞ்ச ஒயின் எல்லாம் ஆத்து வழியா போர்தோவுக்கு வந்துதான் கப்பல் ஏறணும். போர்தோ வியாபாரிகள் சும்மா இருப்பாங்களா? தங்க சரக்கு வித்து முடியற வரைக்கும், அதாவது கிறிஸ்துமஸ் வரைக்கும், உள்நாட்டு ஒயின் ஊருக்குள்ள வரக்கூடாதுன்னு சட்டம் வாங்கி வச்சிருந்தாங்க. 1776ல தூர்கோ மந்திரியா இருந்தப்பதான் அதை நீக்கினாங்க. வேடிக்கை என்னன்னா, முன்வாசல்ல தடுத்த அதே காவோர் ஒயினை (மல்பெக், கறுப்பு ஒயின்னே பேர்) தங்க வெளுத்த ஒயினுக்குக் கலர் ஏத்த பின்வாசல்ல கலந்துக்கிட்டாங்க.

வெளுத்த ஒயினாங்கறீங்களா? ஆமா. இங்கிலாந்துல போர்தோ சிவப்பு ஒயினுக்கு 'கிளாரெட்'னு பேர். அது 'கிளாரே'ங்கிற பிரெஞ்சு வார்த்தையோட திரிபு, இளஞ்சிவப்புன்னு அர்த்தம். இன்னிக்கு நாம பார்க்கிற கருஞ்சிவப்பு எல்லாம் 1600களுக்கு அப்புறம் வந்தது. அதுல டச்சுக்காரனுக்கும் பங்கு உண்டு. மெதோக் அப்ப சதுப்பு நிலம். அதை வடிச்சு வெளியே கொண்டு வந்தது டச்சு இன்ஜினியர்கள். பீப்பாய்க்குள்ள கந்தகத் திரி கொளுத்தி ஒயின் கெடாம பார்த்துக்கற வித்தையையும் அவங்கதான் பரப்பினாங்க. அதே நூற்றாண்டுல எங்க ஊருக்கு வடக்கே பழவேற்காட்டுல 1613ல கெல்டிரியா கோட்டையைக் கட்டிக்கிட்டு துணி வாங்கிட்டிருந்தவங்களும் டச்சுக்காரங்கதான். ஒரே தேசத்துக்காரன் அங்க ஒரு சதுப்பு, இங்க ஒரு காயல்.

இப்ப நண்பர் சொன்ன சமாசாரத்துக்கு வர்றேன்.

1703ல இங்கிலாந்தும் போர்த்துகலும் ஒப்பந்தம் போட்டாங்க. போர்த்துகீசிய ஒயினுக்கு வரி கம்மி, பிரெஞ்சு ஒயினுக்கு ஜாஸ்தி. இங்கிலாந்துக்காரன் திடமான போர்ட் ஒயினுக்குப் பழகிட்டான். அதுக்கப்புறம் போர்தோ ஒயின் அவனுக்குத் தண்ணி மாதிரி இருந்தது. இதைக் கவனிச்சது போர்தோவோட ஷார்த்ரோன் பகுதி வியாபாரிகள். ஷார்த்ரோன்ங்கிறது நகர மதிலுக்கு வெளியே, ஆத்தோரமா, வெளிநாட்டு வியாபாரிகளும் கிடங்குகளுமா இருந்த இடம். கோட்டைக்கு வெளியே கறுப்பர் நகரம் இருந்த மாதிரின்னு வச்சுக்கங்க. அயர்லாந்துலேர்ந்து வந்த பார்ட்டன், ஜான்ஸ்டன் குடும்பங்கள் எல்லாம் அங்கதான் கடை விரிச்சாங்க. தோட்டக்காரன் ஒயினை இளசா வித்துட்டுப் போயிடுவான். அதை வளர்த்து, கலந்து, ஆளாக்கறது வியாபாரி. 'இங்கிலீஷ் வேலைப்பாடு'ன்னு அதுக்குப் பேரே இருந்தது. போர்தோ ஒயின்ல ஸ்பெயின் கிழக்குக்கரை பெனிகார்லோ ஒயினையோ, இல்லைன்னா எர்மிதாஜையோ சேர்ப்பாங்க.

எர்மிதாஜ்னா ரோன் நதி மேல இருக்கிற ஒரு கருங்கல் குன்று. வெயில் நல்லா அடிக்கும். அங்க விளையற சிவப்புத் திராட்சை ஒண்ணே ஒண்ணுதான்: சிரா. ஆமா, நம்ம பாட்டில்ல இருந்த ஷிராஸ்! (ஈரானோட ஷிராஸ் நகரத்துலேர்ந்து வந்ததுன்னு ஒரு கதை ரொம்ப நாளா ஓடிச்சு. சிராவோட அப்பா அம்மா ரெண்டுமே தென்கிழக்கு பிரான்ஸ் திராட்சைதான்னு டிஎன்ஏ சொல்லிடுச்சு.) எர்மிதாஜ்லேர்ந்து போர்தோ 400 கிலோமீட்டருக்கு மேல. ஆனா 1681லேயே மிடி கால்வாய் திறந்து மத்தியதரைக் கடலையும் கரோன் நதியையும் இணைச்சாச்சு. பக்கிங்காம் கால்வாய் எண்ணூர் பக்கம் வர்றதுக்கு 100 வருஷத்துக்கு மேல முன்னாடி.

கேபர்னேவோட நடுவுல இருக்கற பள்ளத்துக்கு மெர்லோ ஒரு மருந்துன்னா, மழை கெடுத்த வருஷத்துல மெர்லோவும் கைவிட்டப்ப இருந்த மருந்து சிரா. கலர், காரம், சதை மூணும் ஏறும். இந்த மாதிரி ஒயினுக்கு 'எர்மிதாஜே', அதாவது எர்மிதாஜ் சேர்த்ததுன்னு பேர். ஒளிச்சு மறைச்சு செய்யலை. பேர் சொல்லி, கூடுதல் விலை வச்சு வித்தாங்க. சின்னத் தோட்டங்கள் மட்டும் இல்லை. 1795ஆம் வருஷத்து லஃபீத் எர்மிதாஜ் சேர்த்து போச்சு, அந்த வருஷத்து ஒயின்கள்லயே எல்லாருக்கும் பிடிச்சது அதுதான்னு ஜான்ஸ்டன் வீட்டுக்காரர் கடிதமே எழுதி வச்சிருக்கார். லஃபீத்! இன்னிக்கு ஒரு பாட்டில் வாங்க நம்ம மாசச் சம்பளம் யோசிக்கும்.

ஆக, கேபர்னே-ஷிராஸ் ஆஸ்திரேலியாக்காரன் கண்டுபிடிப்பு இல்லை. 200 வருஷத்துக்கு முன்னாடி போர்தோவோட கப்பல் சரக்கு. குறிப்பா இங்கிலாந்துக்காரனுக்காகக் கலந்த சரக்கு.

அந்தக் கப்பல் நம்ம பக்கமும் வந்திருக்கா? போர்தோ ஒயின் இந்தியா வந்ததுக்குக் கல்லுல கட்டின சாட்சியே இருக்கு. மெதோக்ல சேந்த் எஸ்தெஃப் ஊர்ல லூயி கஸ்பார் தெஸ்தூர்னெல்னு ஒருத்தர் (1762-1853). தன்னோட 'கோஸ்' தோட்டத்து ஒயினை இந்தியா வரைக்கும் அனுப்பி வித்தவர். விற்காம திரும்பின பாட்டில்களை ருசி பார்த்தா, கடல்ல ஆடி வெயில்ல காய்ஞ்சு இன்னும் நல்லா ஆயிருந்ததாம். 'இந்தியாவிலிருந்து திரும்பியது'ன்னு அதுக்குத் தனி அடையாளம் போட்டு வித்தார்னு சொல்வாங்க. அந்த மயக்கத்துல தன் ஒயின் கிடங்கு மேல கீழ்த்திசை பாணியில கோபுரங்களைக் கட்டி விட்டார். இன்னிக்கும் இருக்கு, படத்துல பாருங்க, மெதோக் நடுவுல திடீர்னு ஒரு பகோடா. ஊர்க்காரங்க வச்ச பேர் 'சேந்த் எஸ்தெஃப் மகாராஜா'. கடைசியில கடன் ஏறி 1852ல லண்டன் பேங்க்காரருக்குத் தோட்டத்தை வித்துட்டு, அடுத்த வருஷமே செத்துப் போனார். 1855ல வந்த புகழ்பெற்ற தரவரிசையில அவர் ஒயின் ரெண்டாம் வரிசையில இடம் பிடிச்சது, பார்க்க ஆள் இல்லை.

மெட்ராஸ்ல துரைமார்கள் அதிகமா குடிச்சது என்னவோ மதேரா ஒயின்தான். வெயில் தாங்கும். துறைமுகம் இல்லாத ஊர், அலையைத் தாண்டி மசூலா படகுல பீப்பாயை உருட்டிக் கொண்டு வரணும். மெல்லிய ஒயினுக்கு அது நரகம். பிரெஞ்சுக்காரனே இங்க வந்தப்ப என்ன குடிச்சான் தெரியுமா? 1758 டிசம்பர்ல லாலி படையோட கறுப்பர் நகரத்துக்குள்ள (இன்னிக்கு ஹைகோர்ட், பாரிமுனை பக்கம்) நுழைஞ்சப்ப, அவன் சிப்பாய்ங்க கண்டுபிடிச்சது சாராயம். குடிச்சுட்டு நிலைதடுமாறிக் கிடக்கும்போது கோட்டையிலேர்ந்து டிரேப்பர் ஒரு படையோட வெளியே வந்து தாக்கினான். முற்றுகையே 1759 பிப்ரவரியில பணால். கிளாரெட்டோட நிறுத்தியிருந்தா வரலாறு மாறியிருக்குமோ என்னமோ :-)

அப்ப எர்மிதாஜ் கலவை ஏன் காணாமப் போச்சு?

1860கள்ல அமெரிக்காவிலேர்ந்து வந்த ஃபிலாக்ஸெராங்கிற பொடிப்பூச்சி வேரை அரிச்சு பிரான்ஸோட திராட்சைக்கொடிகளைக் காலி பண்ணிடுச்சு. ஒயின் பஞ்சம். பஞ்சம் வந்தா போலி வரும். உலர்ந்த திராட்சையை ஊற வச்சு ஒயின், சர்க்கரைத் தண்ணியில ஒயின், அல்ஜீரியா ஒயின் மேல போர்தோ லேபிள். அமெரிக்க வேர்ல பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டி தோட்டங்கள் மறுபடி எழுந்து வந்தப்ப, போலி ஒயின் விலையை அடிச்சுத் தரைமட்டம் ஆக்கிடுச்சு. 1907ல தெற்கு பிரான்ஸ்ல விவசாயிகள் லட்சக்கணக்குல தெருவுக்கு வந்தாங்க, ராணுவம் சுட்டுச்சு, ஆள் செத்தாங்க. அதுக்கப்புறம்தான் ஊர்ப்பேருக்கு எல்லை. 1911ல போர்தோன்னா ஜிரோந்த் மாவட்டத்துக்குள்ளதான்னு கோடு கிழிச்சாங்க. 1935ல தேசச் சட்டம், 1936ல போர்தோ ஊர்களுக்கு விதிகள்: எந்த மண், எந்தத் திராட்சை எல்லாம் எழுத்துல. சிரா அந்தப் பட்டியல்ல இல்லை. அதோட முடிஞ்சது.

இங்கதான் எனக்கு ரெண்டு மனசு. சட்டம் தப்புன்னு சொல்ல முடியலை. தன் ஊர்ப்பேரை எவனோ மலிவு சரக்கு மேல ஒட்டி விக்கறப்ப விவசாயி கோபப்படறது நியாயம். 2023ல கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைச்சப்ப நாமளும் சந்தோஷப்பட்டோம்தானே. ஆனா அந்தச் சட்டம் எழுதின விதத்துல, போர்தோங்கிறது என்னவோ ஆதியிலேர்ந்து அந்த மண்ணுல தானா ஊறின மாதிரி ஒரு கதை உண்டாயிடுச்சு. கலந்தவன், ஏத்தினவன், கிடங்குல வளர்த்தவன், எந்த ருசிக்குக் காசு கொடுப்பேன்னு கேட்டு வாங்கினவன் எல்லாரும் கதையிலேர்ந்து காணாமப் போயிட்டாங்க. துறைமுகத்துப் பக்கம் வளர்ந்தவனுக்கு இது கொஞ்சம் வலிக்கும். அண்ணா நகர்ல ஃபேன் சுத்தறப்ப யாரும் அத்திப்பட்டுச் சாம்பலை நினைக்கிறதில்லை.

இத்தனைக்கும் கலவை முழுசா சாகலை. 1832ல ஜேம்ஸ் பஸ்பி ஐரோப்பாவிலேர்ந்து ஆஸ்திரேலியாவுக்குத் திராட்சைக் குச்சிகளை அனுப்பினார். அங்க சிராவுக்கு ரொம்ப காலம் 'ஹெர்மிட்டேஜ்'னே பேர், வந்த ஊரை ஞாபகம் வச்சுக்கிட்டு. 1960லேர்ந்து பென்ஃபோல்ட்ஸ் 'பின் 389'னு கேபர்னே-ஷிராஸ் வருது. நண்பருக்குத் தெரிஞ்சது இந்தக் கடைசி அத்தியாயம் மட்டும். பிரான்ஸ்லயே புரோவான்ஸ்ல தொமேன் த திரெவலோன்ங்கிற தோட்டம் 1970கள்லேர்ந்து கேபர்னேவையும் சிராவையும் பாதிக்குப் பாதி கலந்து பேர் வாங்கிச்சு. 1990கள்ல புது விதி, கேபர்னே 20 சதவீதத்துக்கு மேல கூடாதுன்னு. அவர் மாத்த மாட்டேன்னுட்டார், ஊர்ப்பேரை இழந்தார். விலை குறையலை. போர்தோவிலேயே ஷாத்தோ பால்மேர் 2004ஆம் வருஷ ஒயின்லேர்ந்து ஆரம்பிச்சு, அப்பப்போ கொஞ்சம் ரோன் சிரா சேர்த்து '19ஆம் நூற்றாண்டு ஒயின்'னு ஒண்ணு போடறாங்க. கூட்டிப் பெருக்கினா போர்தோவோட உச்சாணித் தோட்டங்கள்ல ஒண்ணு, ஆனா அந்த பாட்டில் மேல போர்தோன்னோ மார்கோன்னோ போட முடியாது. சாதா டேபிள் ஒயின் வகையிலதான் விக்கணும். 2021ல பூமி சூடாகுதுன்னு வேத்து நாட்டுத் திராட்சைகளைக் கூட போர்தோ அனுமதிச்சுது, போர்த்துகலோட தூரிகா நசியோனால் உட்பட. சிராவுக்கு அப்பவும் கதவு திறக்கலை.

நந்தி மலைக்கு வருவோம். கன்வல் குரோவர், ஷாம்பேன் பகுதிக்காரரான ஜார்ஜ் வெஸலோட சேர்ந்து பிரெஞ்சுக் கொடிகளை இங்க நட்டுப் பார்த்து, 1988ல கம்பெனி ஆரம்பிச்சார். நம்ம பக்கம் குளிர்காலத்துல கொடி தூங்காது. அதனால வருஷத்துக்கு ரெண்டு வெட்டு: கோடையில ஒண்ணு, மழை முடியறப்ப ஒண்ணு. பிப்ரவரி, மார்ச்ல அறுவடை. 1990கள் நடுவுல ஆலோசனைக்கு வந்தவர் மிஷேல் ரோலான். எந்த ஊர்க்காரர்னு நினைக்கிறீங்க? போர்தோ, லிபூர்ன். ஊர்ல இருந்தா அவரே சட்டப்படி கலக்க முடியாத ரெண்டு திராட்சை, பெங்களூர் பக்கத்துல கலந்து 'லா ரிசர்வ்' ஆச்சு. அவர் மனசுல எர்மிதாஜ் கதை இருந்துச்சோ, இல்லை இங்க விளைஞ்சதுல நல்லது இது ரெண்டும்தான்னு இருந்துச்சோ, அதுக்குள்ள நான் போகலை. கிளாஸ்ல இருந்தது 1800ல இந்தியாவுக்கு அனுப்பியிருக்கக்கூடிய ஜோடி.

குடிச்சுப் பார்த்து என்ன தோணிச்சுன்னு கேப்பீங்க. முதல் வாய் துவர்ப்பு, அப்புறம் மிளகு (அது சிராவோட கையெழுத்து), நடுவுல பள்ளம் இல்லை. நான் பெரிய ரசிகன் எல்லாம் கிடையாது, ரெண்டாவது கிளாஸ் வாங்கினேன், அவ்வளவுதான் சொல்வேன்.

ஒரு பாட்டில் வாங்கிட்டும் வந்தேன். ரெட் ஒயினை 'ரூம் டெம்பரேச்சர்'ல குடிக்கணும்னு படிச்சிருப்பீங்க. அது 16, 18 டிகிரி இருக்கிற பிரெஞ்சு ரூம். அத்திப்பட்டுல மே மாசம் சாயங்காலம் ஆறு மணிக்குக் கரண்ட் போனப்ப எங்க ரூம் 34. ஃபிரிட்ஜ்ல வச்சேன், தோசை மாவுக்கும் கறிவேப்பிலை டப்பாவுக்கும் நடுவுல. அம்மா எடுத்துப் பார்த்துட்டு, "என்னடா இது, திராட்சை ஜூஸா?"ன்னாங்க. ஆமாம்மா, ரெண்டு திராட்சை, கலந்ததுன்னேன்.